கை எட்டும் தூரத்தில் பல் முளைக்காது

ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டருக்கு எழுபத்திரண்டாவது வயதில் மறுபடியும் பால்பல் முளைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று இருபதுக்கு. இடம், கிளை நூலகத்தின் வாசிப்பறையில் கடைசி பெஞ்சு. கைப்பேசியில் தன் பெயரை யார் உதவியும் இல்லாமல் முதன்முதலாகத் தட்டி முடித்துவிட்டு, எழுத்து ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று குனிந்து சரிபார்த்துக்கொண்டிருந்தபோது அவருடைய கீழ் ஈறு குறுகுறுத்தது. நாக்கை விட்டுத் துழாவினார். அரிசி முனை அளவுக்கு ஏதோ தட்டுப்பட்டது. பக்கத்தில் இருந்தவரிடம் வாயைத் திறந்து காட்ட, அவர் செய்தித்தாள் மேசையோடு கயிறு போட்டுக் கட்டியிருந்த பூதக்கண்ணாடியைக் கயிறு விட்டவரை இழுத்துப் பார்த்து, பல்தான், சந்தேகமே இல்லை என்றார். அப்படியா என்று கேட்டுவிட்டு கண்டக்டர் தன் அப்பா பெயரையும் தட்ட ஆரம்பித்தார். அது முடிந்தபோது பக்கத்திலேயே இன்னொன்று எட்டிப் பார்த்தது. அந்த வாரம் முடிவதற்குள் பின் பெஞ்சுகளில் உட்கார்ந்தவர்களுக்கு மொத்தம் பதினோரு பற்கள் முளைத்தன. முன் பெஞ்சில் ஒருவருக்கும் ஒன்றும் முளைக்கவில்லை.

அந்த வகுப்பு யாரும் ஆசைப்பட்டு ஆரம்பித்தது அல்ல. அறுபதைத் தாண்டியவர்களுக்கு ஒவ்வொரு கிளை நூலகமும் ஏதாவது கற்றுத்தர வேண்டும், எதைக் கற்றுத்தருவது என்பதைக் கிளையே முடிவு செய்துகொள்ளலாம் என்று தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது, அவ்வளவுதான். எல்லோரும் மேடம் என்றே கூப்பிட்ட நூலகருக்கு அப்போது வயது ஐம்பத்தாறு, இரண்டு முழங்காலிலும் வலி. முப்பது வருடமாக யார் என்ன கேட்டு வந்தாலும், இருங்க நானே பார்த்துத் தர்றேன் என்று எழுந்து பழகியவர். செவ்வாயும் வெள்ளியும் பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை வகுப்பு என்று பலகையில் எழுதிப் போட்டார். முதல் மாதம் வந்தவர்கள் மின்விசிறிக்கு அடியில் உட்கார வந்தவர்கள். அடுத்த மாதம் கைப்பேசியோடு வந்தார்கள். பிள்ளைகள் வாங்கிக் கொடுத்து, ஒருமுறை வேகவேகமாகக் காட்டி, 'இதுகூடவா தெரியல' என்று கேட்டுவிட்டுப் போன கைப்பேசிகள் அவை. மேடம் அந்தக் கேள்வியை ஒருநாளும் கேட்டதில்லை. கூட்டம் சேர்ந்தது அதற்காகத்தான்.

முன் பெஞ்சில், மேடத்தின் நாற்காலிக்கு நேர் எதிரே, மரியாதைக்குரிய இடத்தில் உட்கார்ந்தவர் தையல்காரம்மா. வயது அறுபத்தொன்பது. ஊரில் பாதிப் பேருக்குப் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுத்த கை. கத்தரிக்கோல் பக்கத்திலேயே கிடந்தாலும் நூலைப் பல்லால்தான் கடித்து அறுப்பார். அப்படி நாற்பது வருடம் அறுத்து, அறுபது வயதுக்குள் வாயைச் சுத்தமாகக் காலி செய்துவிட்டார். பல்செட் கட்டிக்கொள்ளச் சொன்னால் மாட்டேன் என்பார், அடுத்தவர் அளவுக்குத் தைத்த சட்டையை மாட்டிக்கொண்ட மாதிரி இருக்குமாம். கணவர் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. கடையை மூடிவிட்டு, அதற்கு மேல் மாடியில் தனியாக இருந்தார். ஒரே மகன், நாலரை மணி நேர ரயில் தூரத்தில் பெரிய நகரம் ஒன்றில் எட்டாவது மாடியில் குடியிருந்தான்.

மகன் கெட்டவன் இல்லை, பயந்தவன். மருத்துவமனையில் இனிமேல் கைப்பேசியில் முன்பதிவு செய்தால்தான் டாக்டரைப் பார்க்கலாம் என்று சட்டம் கொண்டுவந்தபோது, தையல்காரம்மா மூன்று முறை நேரில் போய், மூன்று முறையும் சும்மா திரும்பி வந்து, யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டார். பிறகு பஸ்களுக்கு எண் மாறியது. பழைய எண் என்று நம்பி ஏறியவரை வண்டி பணிமனையில் கொண்டுபோய் இறக்கியது. அங்கே நான்கு மணி நேரம் ஒரு டயர் மேல் உட்கார்ந்திருந்தார். இரண்டு விஷயமும் ஒரே நாளில் மகன் காதுக்குப் போனது. அடுத்த ஞாயிறு வந்து நின்றான்.

"அம்மா, மூணு மாசம் டைம். நீயா கிளம்பி, நீயா வண்டி ஏறி, யார் துணையும் இல்லாம என் வீட்டு வாசல்ல வந்து நில்லு. வந்துட்டேன்னா நீ உன் வீட்லயே இரு, நான் வாயைத் திறக்க மாட்டேன். முடியலைன்னா நான் வந்து கூட்டிட்டுப் போயிடுவேன். அப்புறம் திரும்பிப் போற பேச்சே கிடையாது."

வர முடிந்தால் வர வேண்டாம், வர முடியாவிட்டால் வந்தே தீர வேண்டும். இப்படி ஒரு பரீட்சையை எந்தப் பள்ளிக்கூடத்திலும் வைத்ததில்லை. தையல்காரம்மாவுக்கு மகன் மேல் கோபம் வரவில்லை. எட்டாவது மாடி மேல்தான் பயம். ஒருமுறை போய்ப் பத்து நாள் இருந்திருக்கிறார். ஜன்னல் திறக்காது. கீழே பார்த்தால் மனிதர்கள் தரையில் கொட்டிய குண்டூசி மாதிரி தெரிவார்கள். அக்கா இருக்கீங்களா என்று கீழேயிருந்து ஒரு குரல் வராது. அங்கே போய்ச் சாவதைப் பற்றிக்கூட அவருக்குக் கவலை இல்லை, அங்கே போய் இருக்க வேண்டுமே என்பதுதான் கவலை. மறுநாளே நூலகத்தில் பெயர் கொடுத்தார். அவர் சேர்ந்த மூன்றாவது வாரம் கண்டக்டருக்குப் பல் முளைத்தது.

பல் முளைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை என்பது பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும். காய்ச்சல் வரும், எச்சில் ஒழுகும், கையில் கிடைத்ததைக் கடிக்கச் சொல்லும். பின் பெஞ்சுக்காரர்களுக்கு எல்லாம் வரிசையாக வந்தது. செய்தித்தாளைக் கோத்துவைக்கும் மரச்சட்டங்களில் பல் பதிந்தது. பெரிய அகராதியின் அட்டையில் ஒரு மூலையையே காணோம். மேடம் குழந்தைகள் பகுதிக்காக வாங்கியிருந்த ரப்பர் எழுத்துகளைச் சோப்புப் போட்டுக் கழுவி ஆளுக்கு ஒன்று கொடுத்தார். அதில் ழ-வுக்குத்தான் ஏகப்பட்ட கிராக்கி, கடிப்பதற்கு வளைவு வசதியாம். வீடுகளில் பேரனும் தாத்தாவும் சேர்ந்தே சிணுங்கினார்கள், மருமகள்கள் கடிப்பு வளையத்தை ஜோடியாக வாங்கினார்கள். அந்த மாதம் தக்காளி விலை இறங்கியது, பல் எண்ணிக்கை ஏறியது. ஊர் இரண்டையும் ஒரே மூச்சில் பேசிக்கொண்டது.

எதற்கு எந்தப் பல் என்பதும் போகப்போகப் பிடிபட்டது. எழுத்துக் கூட்டித் தட்டினால் முன்பல். வரைபடத்தில் வழி கண்டுபிடித்தால் கோரைப்பல். கிரகணம் எப்படி வருகிறது என்பதைப் பெரிய எழுத்துப் புத்தகத்தில் படித்து, ஆரஞ்சுப் பழத்தையும் எலுமிச்சையையும் வைத்துப் பக்கத்தில் இருப்பவருக்கு விளக்கியும் சொல்லிவிட்டால் கடைவாய்ப்பல். அடுத்தவரைப் பார்த்துக் காப்பியடித்தால் ஈறு வீங்கும், பல் வராது. வருகிற செய்தியை எல்லாம் படிக்காமல் நூறு பேருக்கு அனுப்பி ஃபார்வர்டு மாமா என்று பெயர் வாங்கியிருந்த ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவர் இருந்தார். அவருக்கு ஒரே காலையில் ஐந்து பல் முளைத்து, எல்லாம் பொய்ச் செய்தி என்பதால் மாலைக்குள் ஐந்தும் கொட்டிவிட்டன. அதன்பிறகு அவர் ஒரு செய்தியை மூன்று இடத்தில் சரிபார்த்தார், மூன்று நாள் ஆனது, ஒரே ஒரு பல் வந்தது, நின்றது. எதிர்வரிசையில் கடை வைத்திருந்த பல்செட் கட்டுபவர் வியாபாரம் படுத்துவிட்டது என்று சண்டைக்கு வந்து, வந்த இடத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்து மின்னஞ்சல் அனுப்பக் கற்றுக்கொண்டு போனார். போகும் வழியிலேயே அவர் சொந்தமாகக் கட்டி மாட்டியிருந்த செட்டை உள்ளேயிருந்து ஏதோ நெம்பித் தள்ளியது.

முன் பெஞ்சில் மட்டும் ஈறுகள் மொழுமொழுவென்று அப்படியே இருந்தன. தையல்காரம்மா ஒரு வகுப்பும் தவறவிடவில்லை. பத்தேகாலுக்கே வந்து உட்காருவார். கைப்பேசியைத் திறந்து, எதை அழுத்துவது என்று விரலைத் தூக்கி யோசிப்பார். அந்த விரல் இறங்குவதற்குள் எதிரேயிருந்து மேடத்தின் கை நீண்டு வந்து, இதோ இப்படி அக்கா என்று தட்டிவிடும். மேடத்துக்கு அவர் மேல் அத்தனை பிரியம், பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அவர் தைத்த துணிதான் உடுத்தியவர். வீட்டுக்குப் போய்த் தனியாக உட்கார்ந்தால் தையல்காரம்மாவுக்கு ஒன்றும் நினைவில் இருக்காது. கண்ணாடியில் வாயைத் திறந்து பார்ப்பார், மூடிக்கொள்வார். நாட்காட்டியில் மகன் வட்டம் போட்டிருந்த தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. தனக்கு மட்டும் மூளை மழுங்கிவிட்டது என்று நினைத்து ஒருநாள் அழுதும் விட்டார்.

பின் பெஞ்சில்தான் ராசி என்று ஊர் முடிவு கட்டியது. பத்தரை மணி வகுப்புக்கு ஏழரைக்கே வந்து பூட்டிய கதவுக்கு முன்னால் இடம் பிடித்தார்கள். இரண்டு பேர் கைத்தடியால் அடித்துக்கொள்ளும் நிலை வந்ததும் கண்டக்டர் தலையிட்டு, பழைய தாளைக் கிழித்து எண் போட்டுச் சீட்டுக் கொடுக்க ஆரம்பித்தார். முன்னால நகருங்க, முன்னால நகருங்க என்று பழக்கதோஷத்தில் அவர் சத்தம் போட, ஒருவரும் முன்னால் நகரவில்லை. தையல்காரம்மாவுக்கு ஒரு வெள்ளிக்கிழமை கடைசி பெஞ்சில் நான்காம் எண் கிடைத்தது. ஆனால் மேடத்துக்கு மனசு கேட்கவில்லை. அக்கா தனியாக அவ்வளவு தூரத்தில் திண்டாடுவாரே என்று, ஆள் வைத்துத் தன் மேசையையும் நாற்காலியையும் தூக்கிக் கடைசி பெஞ்சுக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டார். அன்றைக்குக் கடைசி பெஞ்சில் ஒரு பல்லும் முளைக்கவில்லை. சீட்டுக் கிடைக்காமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஏழு முளைத்தன.

சண்டை அதற்குமேல் வலுத்தது. பெஞ்சைத் திருப்பிப் போடலாம் என்றார்கள், வாசலைப் பார்த்து உட்காரலாம் என்றார்கள், பல்செட் கட்டுபவர் ஒரு காகிதத்தில் படமே வரைந்துகொண்டு வந்தார். தையல்காரம்மா மட்டும், எப்போதும் கழுத்தில் போட்டிருக்கும் அங்குல நாடாவை எடுத்தார். மேடத்தின் தோளிலிருந்து விரல் நுனிவரை அளந்தார், இருபத்தேழரை அங்குலம். நாற்காலியிலிருந்து சாய்ந்து நீட்டினால் எவ்வளவு என்று நீட்டச் சொல்லி அளந்தார், நாற்பத்தொன்று. பிறகு நாற்காலிக் காலில் நாடாவின் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, அன்று பல் முளைக்காதவர்கள் உட்கார்ந்த இடங்களை ஒவ்வொன்றாக அளந்தார். எல்லாம் நாற்பத்தொன்றுக்குள். முளைத்தவர்களில் மிகப் பக்கத்தில் இருந்தவர் நாற்பத்து மூன்றில் இருந்தார். மூட்டுவலியால் மேடம் எழுந்து நடமாடுவதில்லை, எட்டியவரைக்கும் கையை நீட்டுவார், எட்டாதவர்களுக்கு வாயால் சொல்லுவார். தையல்காரம்மா நாடாவைச் சுருட்டிக்கொண்டு, எல்லோரும் போகும்வரை காத்திருந்தார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. பெஞ்சுல ஒண்ணும் இல்ல. உங்க கைதான்."

மேடம் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தையல்காரம்மா மெதுவாகத்தான் சொன்னார். அவரிடம் நாற்பது பெண்கள் தையல் படித்துப் போயிருக்கிறார்கள். "பிள்ளைங்க கோணல்மாணலாத்தான் தைக்கும். பாக்க சகிக்காது. கை பரபரன்னு வரும். பிடுங்கித் தைச்சோம்னா அது நம்ம தையல், அதோட தையல் இல்ல. அதனால, பிரிச்சுத் திரும்பத் தைன்னு சொல்லிட்டு நான் பாத்ரூம்ல போய் உக்காந்துக்குவேன்."

மேடம் எழுந்து, விந்தி விந்தி நடந்து, யாரும் தொடாத சட்டப் புத்தகங்களின் அலமாரிக்குப் பின்னால் போனார். அங்கே நின்று பத்து நிமிடம் அழுதார். முப்பது வருடமாக ஒருத்தருக்கும் நான் எதுவும் கற்றுத்தரவே இல்லையா என்று அலமாரிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார். அப்படி இல்லை, எல்லாருக்கும் எடுத்துக் கையில் கொடுத்தீர்கள், அந்தப் பாசத்துக்குத்தான் நாங்கள் வருகிறோம், ஆனால் அது வேறு இது வேறு என்று தையல்காரம்மா இந்தப் பக்கமிருந்து சொன்னார். மேடம் மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே வந்து, இப்போது தான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். சும்மா இருந்தால் போதும் என்றார் தையல்காரம்மா. உலகத்திலேயே தன்னால் முடியாத ஒரே காரியத்தைச் சொல்லிவிட்டீர்களே என்று மேடம் மறுபடியும் அழப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமைக்குள் தையல்காரம்மா மேடத்துக்கு முழங்கால்வரை வரும் ஒரு மேல்சட்டை தைத்துக் கொண்டுவந்தார். சாம்பல் நிறம், கெட்டித் துணி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஆழமான பை. கையை உள்ளே விட்டால் மணிக்கட்டுக்கு மேல் ஒரு பட்டை வந்து விழும், அதில் பொத்தான் போட்டுவிட்டால் பையில் கை வைத்தவரால் தானே அவிழ்க்க முடியாது. பத்தரைக்குத் தையல்காரம்மா பொத்தானைப் போடுவார், பன்னிரண்டுக்குக் கண்டக்டர் அவிழ்த்துவிடுவார். முதல் நாள் பைகள் இரண்டும் உள்ளே பூனைக்குட்டி மாட்டிக்கொண்டது போல் துள்ளின. யாராவது தப்பான இடத்தில் விரலைக் கொண்டுபோனால் மேடத்தின் தோளிலிருந்து நாற்காலிவரை அதிர்ந்தது. ஆனாலும் வாயால் மட்டுமே சொன்னார், அதுவும் கேட்டால் மட்டுமே. அன்று தையல்காரம்மா ஒன்றேகால் மணி நேரம் ஒற்றை ஆளாகப் போராடி மருத்துவமனையில் ஒரு முன்பதிவு செய்து முடித்தார். முடித்த பிறகுதான் தெரிந்தது, குழந்தைகள் நல மருத்துவரிடம் பதிவாகியிருந்தது. வயது என்ற கட்டத்தில் வருடத்துக்குப் பதில் மாதம் என்று தேர்ந்தெடுத்து, அறுபத்தொன்பது மாதக் குழந்தையாகத் தன்னைச் சேர்த்திருந்தார். அதைப் பார்த்து எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய மேல் ஈறு வெடித்து முதல் பல் வெளியே வந்தது.

பதிவை ரத்து செய்ய வேண்டாம், போய்த்தான் பார்க்கலாமே என்று வியாழக்கிழமை போனார். கையில் கைக்குழந்தைகளோடு வரிசையில் இருந்த தாய்மார்கள் அவருக்கு வழிவிட்டார்கள். குழந்தை மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்லி, விளக்கடித்துப் பார்த்து, பால்பல்தான், பயப்பட ஒன்றுமில்லை, எச்சில் ஒழுகினால் துடைத்துவிடுங்கள் என்று சொல்லி, ஒரு லாலிபாப்பும் கொடுத்து அனுப்பினார். திரும்பும்போது மாறிய பஸ் எண்ணைத் தானே பார்த்து ஏறித் தானே இறங்கினார். வீட்டுப் படி ஏறுவதற்குள் இரண்டாவது பல்.

அதற்குப் பிறகு அவரை யாராலும் பிடிக்க முடியவில்லை. ரயில் நேரம் பார்த்தார், முன்பல். இருக்கை தேர்ந்தெடுத்தார், பக்கத்துப் பல். வரைபடத்தில் மகன் வீட்டுத் தெருவை விரலால் விரித்து விரித்துப் பார்த்து, மூலையில் ஒரு சலவைக் கடை இருப்பதைக் கண்டுபிடித்தபோது ஒரு கோரைப்பல். முன்பின் தெரியாத எவனோ கூப்பிட்டு, உங்கள் கணக்கு முடங்கிவிட்டது, ரகசிய எண்ணைச் சொல்லுங்கள் என்றபோது, நீ எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாய், உனக்குச் சீருடை நான்தான் தைத்திருப்பேன், உன் அம்மாவிடம் சொல்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தார். அதற்கு இரண்டு கடைவாய்ப்பல் சேர்ந்தாற்போல் வந்தன. கற்றுக்கொள்வதில் இப்படி ஒரு போதை இருக்கும் என்று இந்த வயதில் யாராவது சொன்னார்களா என்று எல்லோரிடமும் கேட்டார். வறுத்த கடலையை மடியில் கட்டிக்கொண்டு திரிந்தார். தெருவில் நடந்துகொண்டே கடக்முடக்கென்று கடித்தார். வட்டம் போட்ட தேதிக்கு முந்தின நாள் எண்ணியபோது இருபத்தாறு பற்கள் இருந்தன.

அந்தத் தேதி ஒரு செவ்வாய்க்கிழமை. காலை எட்டு மணி வண்டியில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அவர் கிளம்பினார். இங்கே மகன் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். அம்மா வருவார் என்று அவனுக்குத் துளியும் நம்பிக்கை இல்லை. எங்கேயாவது ஒரு நடைமேடையில் மூட்டையோடு உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பார் என்று நினைத்து விடியும் முன்பே எழுந்து உட்கார்ந்துவிட்டான். மதியம்வரை பொறுக்க முடியாமல், விடுப்புப் போட்டுவிட்டு ஆறு பத்து வண்டியில் அவரைக் கூட்டிவரக் கிளம்பிவிட்டான். நடுவழிச் சந்திப்பில் இரண்டு வண்டியும் நான்கு நிமிடம் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அவன் தன் பெட்டியில் நின்றபடி அம்மாவைக் கைப்பேசியில் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அவர் ஆறடி தள்ளி எதிர்ப்பெட்டியில் உட்கார்ந்து கடலை கடித்துக்கொண்டிருந்தார். அழைப்பு வந்தது அவருக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அந்த வகுப்பில் படித்த அத்தனை பேருடைய கைப்பேசியும் எப்போதும் மௌனத்தில்தான் இருக்கும். வாசிப்பறைச் சட்டம் அது. வெளியே போனால் சத்தம் வைத்துக்கொள்ளலாம் என்று மேடம் சொல்லித்தரவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

மகன் முப்பத்தொரு முறை கூப்பிட்டான். கடை பூட்டியிருந்தது. பஸ் பணிமனைக்கு ஓடினான், அங்கே ஒவ்வொரு டயராகப் பார்த்தான். மருத்துவமனைக்கு ஓடினான், அந்தப் பெயரில் அறுபத்தொன்பது மாதக் குழந்தை ஒன்றுதான் பதிவில் இருக்கிறது என்றார்கள். அவன் கைப்பேசி சார்ஜ் தீர்ந்து செத்தது. ஒன்றரை மணிக்கு வேர்த்து விறுவிறுத்து நூலகத்துக்குள் நுழைந்தான். வகுப்பு பன்னிரண்டுக்கே முடிந்திருந்தும் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. போய்ச் சேர்ந்ததும் திரையில் கூப்பிடுகிறேன் என்று தையல்காரம்மா சொல்லியிருந்ததால் இருபத்தெட்டுப் பேர் கணினித் திரைக்கு முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள், இருபத்தெட்டு வாயும் ரப்பர் எழுத்தைக் கடித்துக்கொண்டிருந்தன. எங்க அம்மாவைப் பார்த்தீர்களா, கொஞ்சம் அவருக்குப் போன் போட்டுத் தாருங்கள் என்று மேடத்திடம் கெஞ்சினான். மேடத்தின் கைகள் பைக்குள் துடித்தன. அன்றைக்குத் தையல்காரம்மாவுக்குப் பதில் பொத்தானைப் போட்டுவிட்ட கண்டக்டர், பதற்றத்தில் அதை அவிழ்க்க மறந்திருந்தார். அவன் தொங்கும் பைகளைப் பார்த்தான், வாய்களைப் பார்த்தான், பக்கத்தில் இருந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான்.

அப்போது திரை ஒளிர்ந்தது. தையல்காரம்மாவின் முகம் முதலில் நெற்றியாகவும், பிறகு ஒரு காதாகவும், பிறகு முழுசாகவும் வந்தது. பின்னால் மருமகள் நின்று கையை ஆட்டினாள். வந்து சேர்ந்துட்டேன் என்று அவர் வாயெல்லாம் பல்லாகச் சொன்னபோது வாசிப்பறையில் எழுந்த கூச்சலில் அலமாரியிலிருந்து இரண்டு புத்தகம் விழுந்தது. கண்டக்டர் எழுந்து நின்று விசில் அடித்தார். மேடம் அழுதார், கண்ணைத் துடைக்கக் கை இல்லாமல் ஃபார்வர்டு மாமாவின் தோளில் துடைத்துக்கொண்டார். கூட்டத்துக்கு நடுவில் தன் மகனின் தலை தெரிவதைத் தையல்காரம்மா அப்புறம்தான் கவனித்தார்.

"நீ என்னடா அங்க பண்ற?"

அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். அம்மா, உனக்குப் பல்லு என்று திரையைக் காட்டினான். அது முளைச்சு ஒன்றரை மாசம் ஆச்சு, முதல்ல சாப்பிட்டியா சொல்லு என்று அவர் கேட்டார். இல்லை என்று தலையாட்டினான். நாற்பத்தொரு வயது ஆண், அத்தனை பேர் முன்னால், அதற்குத்தான் அழுதான்.

"அழாத. ரெண்டு பத்துக்கு ஒரு வண்டி இருக்கு. ரெண்டாவது பிளாட்பாரம். கடைசிப் பெட்டியில ஏறு, இறங்கறப்போ படி பக்கத்துலயே வரும். பாத்து வா."

அவன் சொன்னபடி இரண்டாவது நடைமேடைக்குப் போய், கடைசிப் பெட்டியில் ஏறினான். இறங்கியபோது படி பக்கத்திலேயே வந்தது. வீட்டுக்குப் போய்ச் சேர ஏழரை ஆனது. மருமகள் மாமியாருக்காகக் குழைய வேகவைத்ததை எல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டு, தையல்காரம்மா ரொட்டியின் முறுகிய ஓரத்தைக் கடித்துக்கொண்டு, ரயில் டிக்கெட்டில் எப்படிக் கீழ்ப்படுக்கை வாங்குவது என்று மருமகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். வழியில் நான்கு முளைத்து, இப்போது முப்பது. மூன்று மாதப் பேச்சை மகன் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. தட்டு முன்னால் உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட்டவன் தாடையைப் பிடித்துக்கொண்டான். கடைவாயில் காதுவரை குத்துகிறது என்றான். மருமகள் விளக்கடித்துப் பார்த்தாள், கீழே இடப்பக்கம் கடைசியில் ஈறு சிவந்து, வெள்ளையாக ஒரு முனை தெரிந்தது. ஞானப்பல் போல இருக்கிறது, இந்த வயதிலா என்றாள்.

தையல்காரம்மாவும் குனிந்து பார்த்தார்.

"வலிக்கும்டா," என்றார். "நான் ஒண்ணும் பண்ண முடியாது. முளைக்கட்டும்."

மறுநாள் காலை ஏழு நாற்பது வண்டிக்கு அவர் கிளம்பினார். மகன் வீங்கிய கன்னத்தில் துணியை வைத்து அழுத்திக்கொண்டு வாசல்வரை வந்தான். லிஃப்ட் கதவு திறந்தது, அம்மா உள்ளே போய்த் தரைத்தளத்துக்கான பொத்தானைத் தேடி அழுத்தும்வரை பார்த்துக்கொண்டு நின்றான். கூட வரவில்லை.